ஊருக்குப் போகும் ரோடும் நடுவில் இருக்கும் மாநிலமும்

எங்கள் சொஸைட்டியில் புதிதாகக் குடிவந்த இளம் தம்பதியர் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இனிப்புப் பெட்டியுடன் வீட்டுக்கு வந்தார்கள். கார் வாங்கியிருக்கிறார்கள். பையனுக்கு ஹிஞ்சவாடியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. பெண்ணின் அம்மா வீடு ஆம்பூர்.

"அங்கிள், நம்ம வாசல்ல போற ரோட்டைப் பிடிச்சு நேரா போனா எங்க ஊரே வந்துடுமாமே, நெஜமா? பார்டர்ல ஏதாவது பெர்மிஷன் வாங்கணுமா? பயமா இருக்கு" என்றாள் அந்தப் பெண்.

முதல் கேள்விக்கு 'ஏறக்குறைய ஆமாம்' என்று உடனே சொல்லிவிட்டேன். இரண்டாவதற்குப் பதில் சொல்லி முடிக்க ஒன்றரை மணி நேரமும் இரண்டு தடவை காப்பியும் ஆயிற்று. இதைக் கேள்விப்பட்ட நம் சங்கச் செயலாளர், "அதை அப்படியே எழுதிக் கொடுங்கள், எல்லோருக்கும் உபயோகமாக இருக்கும்" என்று பிடித்துக்கொண்டார். அதனால் இந்தக் கட்டுரை.

ஆகுர்டி கண்டோபா கோவில் பக்கம் நின்று பார்த்தால் தெரியும் அகன்ற ரோடு பழைய பம்பாய்–பூனா ரோடு. போர் காட் மலையில் வண்டிகள் ஏறும்படி ரோடு போட்டு, 1830-இல் கவர்னர் சர் ஜான் மால்கம் திறந்துவைத்தார். அதற்கு முன் பூனாவிலிருந்து கொங்கணத்துக்கு இறங்கும் சரக்கெல்லாம் பொதிமாட்டின் முதுகில்தான் போயிற்று. சுதந்திரத்துக்குப் பிறகு இதே ரோடு 4-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் ஒரு பகுதியானது. பம்பாய்க்கு அருகே தாணாவில் தொடங்கி, பூனா, சாதாரா, கோலாப்பூர், பெல்காம், ஹூப்ளி, தாவணகெரே, சித்ரதுர்கா, தும்கூர், பெங்களூர் வழியாகச் சென்னை வரை 1,235 கிலோமீட்டர். நம்மில் பழையவர்கள் இன்றும் 'என்.எச். ஃபோர்' என்றுதான் சொல்கிறோம். 2010-இல் மத்திய அரசு எண்களையெல்லாம் மாற்றியபோது இது 48 ஆகிவிட்டது. இப்போதைய 48 டில்லியில் புறப்பட்டு ஜெய்ப்பூர், ஆமதாபாத், மும்பை, புணே, பெங்களூர் வழியாகச் சென்னைக்கு வருகிறது. மொத்தம் 2,807 கிலோமீட்டர்.

சரியாகச் சொல்லவேண்டுமானால் நம் வாசல் ரோடு இன்று நகருக்குள் ஓடும் ரோடு. நெடுஞ்சாலை தேஹு ரோடில் பிரிந்து, ராவேத், வாகட், வார்ஜே பக்கமாக ஊரைச் சுற்றிக்கொண்டு காத்ரஜ் போகிறது. ஆகுர்டிக்காரர்களுக்கு ராவேத்தில் போய் ஏறிக்கொள்வதுதான் சௌகரியம்.

எனக்கு இந்த ரோட்டின் மேல் தனிப் பாசம் உண்டு. என் சொந்த ஊர் காவேரிப்பாக்கத்துக்குப் பக்கம். ஏரிக்கரையை ஒட்டிப் போகும் மெட்ராஸ் ரோடும் இதே என்.எச். ஃபோர்தான். சின்ன வயதில் அப்பா மேற்குப் பக்கம் கையைக் காட்டி, "இப்படியே போனா பம்பாய்" என்பார். அவர் ராணிப்பேட்டையைத் தாண்டி அந்தப் பக்கம் போனதில்லை. 1979-இல் நான் வேலைக்காக இங்கே வந்து அறை எடுத்த இடம் அதே ரோட்டின் மேல் அமைந்தது. அன்றைக்கு ஆகுர்டி என்றால் பஜாஜ் ஸ்கூட்டர் தொழிற்சாலை. ஷிப்டு விடும் நேரத்தில் ரோட்டைக் கடக்கவே முடியாது. 2007-இல் அங்கே வண்டி உற்பத்தி நின்றது. 2022-இல் மின்சாரச் சேத்தக் வண்டிக்காகத் திரும்பவும் தொடங்கினார்கள்.

இனி எல்லை விஷயத்துக்கு வருகிறேன். ஊருக்கு நாம் வழக்கமாகப் போவது ரயிலில். ரயில் பாதை சோலாப்பூர், ராய்ச்சூர், குண்டக்கல், ரேணிகுண்டா என்று கிழக்கே வளைந்து ஆந்திரா வழியாக அரக்கோணத்தில் வந்து சேருகிறது. படுத்துத் தூங்கி எழுந்தால் எத்தனை மாநிலம் கடந்தோம் என்பதே தெரியாது. ரோட்டில் அப்படியில்லை. ஆகுர்டியிலிருந்து மகாராஷ்டிரத்தின் கடைசி ஊரான காகல் வரை சுமார் 260 கிலோமீட்டர். ஓசூரிலிருந்து சென்னை சுமார் 300 கிலோமீட்டர். நடுவே கோகனோளியிலிருந்து அத்திப்பள்ளி வரை ஏறக்குறைய 600 கிலோமீட்டர் கர்நாடகம். அதாவது பாதி வழி நாம் பிழைக்கும் மாநிலத்திலும் இல்லை, பிறந்த மாநிலத்திலும் இல்லை. மகாராஷ்டிரத்துக்கும் கர்நாடகத்துக்கும் மனஸ்தாபம் வந்தாலும் நம் வழி அடைபடும். கர்நாடகத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் மனஸ்தாபம் வந்தாலும் நம் வழிதான் அடைபடும். இரண்டு சண்டையிலும் நமக்குப் பங்கில்லை.

முன்பு ஆந்திராவும் சேர்த்து மூன்று எல்லைகள். பழைய 4-ஆம் எண் ரோடு பெங்களூரிலிருந்து கோலார், முள்பாகல், பலமனேர், சித்தூர் வழியாக ராணிப்பேட்டைக்கு இறங்கியது. வாஜ்பாய் காலத்துத் தங்க நாற்கரச் சாலைத் திட்டம் வந்தபோது, பெங்களூர்–ஓசூர்–கிருஷ்ணகிரி–வேலூர் வழியை நான்கு வழியாக்கினார்கள். ஆந்திரா விட்டுப்போயிற்று. வேடிக்கை என்னவென்றால், 2022 மே மாதம் அடிக்கல் நாட்டிய பெங்களூர்–சென்னை விரைவுச்சாலை மறுபடியும் பலமனேர், சித்தூர் பக்கமாகத்தான் போகிறது. அதன் கர்நாடகப் பகுதியில் 2024 டிசம்பரிலேயே வண்டிகள் ஓடத் தொடங்கிவிட்டன.

இந்த ரோட்டை உயிரோடு வைத்திருப்பவர்கள் லாரிக்காரர்கள். நிகடி டிரான்ஸ்போர்ட் நகரிப் பக்கம் போய்ப் பாருங்கள். டி.என். 28 நாமக்கல், 34 திருச்செங்கோடு, 52 சங்ககிரி என்று நம் ஊர் நம்பர் பலகைகள் வரிசையாக நிற்கும். ஓசூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் மோட்டார் உதிரி பாகங்கள், கோயமுத்தூர் மில் நூல், பம்பு செட்டு எல்லாம் இந்தப் பக்கம் வரும். நூல் பெரும்பாலும் விசைத்தறி ஊரான இச்சல்கரஞ்சிக்கும் பிவண்டிக்கும் போகிறது. திரும்பும் லாரியில் வெங்காயம், சர்க்கரை, கோலாப்பூர் வெல்லம், தொழிற்சாலை வண்டிகள். கோயம்பேட்டில் வெங்காய விலை ஏறினால் காரணத்தைப் பெரும்பாலும் மகாராஷ்டிரத்து மழையில்தான் தேடவேண்டும். மஞ்சளில் இன்னொரு விசேஷம். நாட்டின் பெரிய மஞ்சள் சந்தைகளில் ஒன்று ஈரோடு, இன்னொன்று கோலாப்பூருக்குப் பக்கத்தில் இருக்கும் சாங்லி. இரண்டு ஊர் மஞ்சளுக்கும் புவிசார் குறியீடு உண்டு.

இவ்வளவு சரக்கு போகும் ரோட்டில் முன்பு எத்தனை கதவுகள் இருந்தன என்பது இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. விற்பனை வரி ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி. வேறு மாநிலத்துக்கு விற்றால் மத்திய விற்பனை வரி, அதற்குச் 'சி ஃபாரம்'. ஒரு மாநிலத்துக்குப் போவதாகக் கணக்குக் காட்டிவிட்டு வேறு இடத்தில் சரக்கை இறக்கிவிட்டால் வரி போய்விடும் அல்லவா? அதனால் எல்லையில் செக்போஸ்ட் போட்டு, உள்ளே வந்ததையும் வெளியே போனதையும் எழுதிவைத்தார்கள். வரித்துறைக்கு ஒரு மேஜை, போக்குவரத்துத் துறைக்கு ஒரு மேஜை. லாரியின் பெர்மிட்டும் அப்படித்தான். நேஷனல் பெர்மிட் என்று பெயர் இருந்தாலும், எந்தெந்த மாநிலம் போகவேண்டுமோ அதற்கெல்லாம் தனித்தனியே வருடக் கட்டணம் டிராஃப்ட் எடுத்துக் கட்டவேண்டும். 2010 மே மாதம்தான் ஒரே கட்டணத்தில் நாடு முழுதும் ஓடலாம் என்று மாற்றினார்கள். ஆரம்பத்தில் அது வருடத்துக்கு 15,000 ரூபாய்.

மகாராஷ்டிரத்தில் இதற்கும் மேலே 'ஜகாத்' என்று ஒன்று இருந்தது. இங்கிலீஷில் ஆக்ட்ராய். மாநில எல்லை போதாதென்று ஒவ்வொரு நகரத்தின் வாசலிலும் ஒரு நாக்கா. ஊருக்குள் வரும் சரக்குக்கு நகராட்சிக்கு வரி கட்டிய பிறகுதான் உள்ளே விடுவார்கள். பிம்ப்ரி–சிஞ்ச்வட் போன்ற தொழில் நகரங்கள் செழித்ததற்கு இந்த வருமானமும் பெரிய காரணம். நம் பக்கத்துக்கும் இது புதிதில்லை. காவிரிப்பூம்பட்டினத்தில் மூட்டைகளுக்குப் புலி முத்திரை குத்தியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. முதலாம் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பட்டமே கிடைத்தது. சுங்கத்தை எடுத்ததற்காக ஒரு ராஜாவின் பெயர் ஆயிரம் வருடம் நிற்கிறதென்றால், ஜனங்கள் அதில் எவ்வளவு நொந்திருப்பார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

1987-இல் நான் குடும்பத்தை இங்கே அழைத்துவந்தபோது, வீட்டுச் சாமான்களை வாலாஜாபேட்டையில் ஒரு நாமக்கல் லாரியில் ஏற்றினோம். முன்பாதியில் வேறு யாருடைய சரக்கோ, பின்பாதியில் நம் கட்டில், பீரோ, பித்தளைப் பாத்திரம், கிரைண்டர். மனைவியையும் குழந்தையையும் ரயிலேற்றிவிட்டு நான் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். நான்கு நாள் பிரயாணம். ஓடிய நேரத்தைவிட நின்ற நேரம் அதிகம். வழியில் ஒரு சாவடியில் கிரைண்டரைப் பிடித்துக்கொண்டார்கள். புது மெஷின், வியாபாரத்துக்குப் போகிறது, பில் எங்கே என்று கேட்டார்கள். மூன்று வருஷத்துப் பழைய கிரைண்டருக்கு பில்லுக்கு எங்கே போவது? எனக்கு அந்த ஊர் பாஷையும் தெரியாது. டிரைவர்தான் மேலே ஏறி, சாக்கைப் பிரித்து, கல்லுக்கு அடியில் காய்ந்து ஒட்டியிருந்த மாவை நகத்தால் சுரண்டி எடுத்துவந்து அந்த மேஜைமேல் வைத்தார். புறப்பட்ட நாள் காலையில் அம்மா கடைசியாக இட்லிக்கு ஆட்டிவிட்டு அவசரத்தில் சரியாகக் கழுவாமல் கட்டிவிட்டிருந்தாள். அந்த அதிகாரி மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்துவிட்டு முத்திரை குத்தினார். அம்மாவுக்கு எழுதிய முதல் கடிதத்தில் இதைத்தான் எழுதினேன்.

இதெல்லாம் போன விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிம்ப்ரி–சிஞ்ச்வட்டில் 2013 ஏப்ரலில் ஜகாத் நின்று, எல்.பி.டி. என்ற உள்ளாட்சி வரி வந்தது. 2015 ஆகஸ்டில் பெரும்பாலான வியாபாரிகளுக்கு அதுவும் நீங்கியது. 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்ததும் மாநில எல்லைச் செக்போஸ்ட்டுக்கே காரணம் இல்லாமல் போயிற்று. மாநிலம் விட்டு மாநிலம் விற்கும் சரக்குக்கு ஒரே வரி. அதை மத்திய அரசு வசூலித்து, சரக்கு கடைசியில் எங்கே செலவாகிறதோ அந்த மாநிலத்துக்குப் பங்கைக் கொடுத்துவிடுகிறது. விற்றவர் கணக்கும் வாங்கியவர் கணக்கும் கம்ப்யூட்டரில் சந்தித்துக்கொள்வதால், ரோட்டில் ஆள் நின்று எழுதிக்கொள்ள வேண்டியதில்லை. ஜூலை முதல் வாரத்திலேயே இருபதுக்கு மேற்பட்ட மாநிலங்கள் வரிச் செக்போஸ்ட்களை எடுத்துவிட்டன. பதிலுக்கு 2018 ஏப்ரல் 1 முதல், 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு மாநிலம் தாண்டினால் 'ஈ-வே பில்' வேண்டும். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் வீதம் அதற்கு ஆயுள். 2021-க்கு முன்பு 100 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கொடுத்தார்கள். ரோடு வேகமாகிவிட்டது என்று சட்டமே ஒப்புக்கொண்டது போலிருக்கிறது.

ரிடையராகி ஊருக்குத் திரும்பும் அன்பர்கள் இதைக் குறித்துக்கொள்ளவும். நாம் உபயோகித்த பழைய வீட்டுச் சாமானுக்கு ஈ-வே பில் தேவையில்லை என்று விதியிலேயே விலக்கு இருக்கிறது. ஆனாலும் என்னென்ன சாமான், எல்லாம் பழையது, சொந்த உபயோகம் என்று ஒரு பட்டியல் எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஆதார் நகலுடன் டிரைவரிடம் கொடுத்தனுப்புங்கள். புதிதாக வாங்கிய பிரிஜ்ஜோ டி.வி.யோ இருந்தால் அதன் பில்லையும் சேர்த்து வையுங்கள். காய்ந்த மாவை நம்ப வேண்டாம்.

வரிக் கதவு போயிற்றே தவிர ரோடு அடைபடுவது போகவில்லை. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவை ஒட்டி 1991 டிசம்பரில் பெங்களூரில் தமிழர் மேல் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். 2000 ஜூலை 30-ஆம் தேதி நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்திக் கொண்டுபோய் 108 நாள் வைத்திருந்தபோது, தமிழ்நாட்டு வண்டி கர்நாடகத்துக்குள் போகவே தயங்கியது. 2016 செப்டம்பர் 12-ஆம் தேதி காவிரித் தண்ணீர் உத்தரவின்பேரில் பெங்களூரில் முப்பதுக்கு மேற்பட்ட தமிழ்நாட்டு ஆம்னி பஸ்களைக் கொளுத்தினார்கள். எல்லையில் பஸ்கள் நின்றுவிட, ஜனங்கள் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அத்திப்பள்ளியிலிருந்து ஓசூர்ப் பக்கம் நடந்தார்கள். வடக்கு எல்லையில் பெல்காம் யாருக்கு என்ற வழக்கு. 1956-இல் மொழிவாரி மாநிலம் பிரித்த நாளிலிருந்து புகைகிறது. 2004 முதல் சுப்ரீம் கோர்ட்டில் இருக்கிறது. 2022 டிசம்பர் 6-ஆம் தேதி பெல்காம் அருகே ஹிரேபாகேவாடியில் மகாராஷ்டிர லாரிகள் மேல் கல் விழுந்தது. இங்கே பூனாவில் கர்நாடக பஸ்கள் மேல் கறுப்பு மை பூசினார்கள். மகாராஷ்டிர அரசு பஸ்கள் சில நாள் அந்தப் பக்கம் போகவில்லை. மனிதர்கள் சும்மா இருந்தால் மழை. 2019 ஆகஸ்டில் கோலாப்பூர் அருகே பஞ்சகங்கை வெள்ளம் ரோட்டின் மேல் ஏறி, பல நாள் ஆயிரக்கணக்கான லாரிகள் இரண்டு பக்கமும் நின்றன. 2021 ஜூலையில் மறுபடியும் அதே கதை.

2020-ஐப் பற்றி எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். மார்ச் 25 முதல் ஊரடங்கு. ஒவ்வொரு மாநிலமும் ஈ-பாஸ் கொடுத்தது. மகாராஷ்டிரத்தில் நோய் அதிகம் என்பதால் இங்கிருந்து போகிறவர்களை எல்லோரும் பயத்தோடு பார்த்தார்கள். மே 18-ஆம் தேதி கர்நாடகம், மகாராஷ்டிரம், குஜராத், தமிழ்நாடு, கேரளம் ஆகிய நான்கு மாநிலத்தாரும் மாதக் கடைசிவரை உள்ளே வரக்கூடாது என்று அறிவித்தது. அதற்கு இரண்டு நாள் கழித்து என் அப்பா காவேரிப்பாக்கத்தில் இறந்துபோனார். எண்பத்தெட்டு வயது. நோய் எதுவும் இல்லை, தூக்கத்திலேயே போய்விட்டார்.

மரணத்துக்கு ஈ-பாஸ் உண்டு என்றார்கள். புறப்படும் மாநிலத்தில் ஒன்று, சேரும் மாநிலத்தில் ஒன்று. நடுவில் 600 கிலோமீட்டருக்கு என்ன செய்வது என்று சொல்ல ஆள் இல்லை. சோலாப்பூர், ஹைதராபாத், கர்நூல் என்று சுற்றிப் போகலாமா என்று வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு பார்த்தேன். அதற்கு இன்னும் இரண்டு மாநிலத்தின் பாஸ் வேண்டும். எந்த மாநிலத்தையும் குறை சொல்லமாட்டேன். அன்றைக்கு அவரவர் வாசலை அவரவர் காத்துக்கொண்டார்கள். தம்பி கொள்ளி வைத்தான். நான் செல்போனில் பார்த்தேன். ஏரிக்கரை ரோட்டில் பாடையைத் தூக்கிக்கொண்டு போனபோது பின்னால் ஒரு லாரி போயிற்று. சரக்கு லாரிக்கு மட்டும் அப்போதும் தடை இல்லை.

2021 பிப்ரவரியில் மறுபடியும் மகாராஷ்டிரத்திலிருந்து வருகிறவர்கள் கோகனோளியில் பரிசோதனைச் சான்றிதழ் காட்டவேண்டியிருந்தது. அந்தத் தடவை சான்றிதழை எடுத்துக்கொண்டு, வருஷத் திதிக்கு முன்னதாகவே போய் அம்மாவுடன் பத்து நாள் இருந்துவிட்டு வந்தேன்.

இனி அந்தப் பெண் கேட்ட கேள்விக்குப் பதில். சொந்தக் காரில், வெள்ளை நம்பர் பலகையுடன், லீவுக்கு ஊர் போய் வர எந்த மாநிலத்தின் பெர்மிஷனும் வேண்டாம். ஆர்.சி., லைசென்ஸ், இன்ஷூரன்ஸ், புகைச் சான்றிதழ் இந்த நான்கும் இருந்தால் போதும். 2018 முதல் டிஜிலாக்கரில் இருப்பதையும் ஏற்கவேண்டும் என்று மத்திய அரசு சொல்லியிருக்கிறது. இருந்தாலும் காகித நகல் ஒன்று டாஷ்போர்டில் இருக்கட்டும். போன் பாட்டரி எங்கே தீரும் என்று சொல்ல முடியாது.

வாடகை வண்டி எடுத்தால் விஷயம் வேறு. கல்யாணத்துக்கும் குலதெய்வக் கோவிலுக்கும் டெம்போ டிராவலர் பேசிக்கொண்டு போகிறவர்கள், அந்த வண்டிக்கு அகில இந்தியச் சுற்றுலா பெர்மிட் இருக்கிறதா என்று முன்பணம் கொடுக்குமுன் கேளுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு மாநிலத்திலும் வரி கட்டவேண்டும், அதைக் கடைசியில் உங்கள் தலையில்தான் கட்டுவார்கள். ஆம்னி பஸ்ஸில் போகிறவர்களும் பஸ் எந்த மாநிலத்தில் பதிவானது என்று கவனிப்பது நல்லது. 2024 ஜூனில் வெளிமாநிலப் பதிவுள்ள ஆம்னி பஸ்களைத் தமிழ்நாடு நிறுத்தியபோது, முன்பதிவு செய்தவர்கள் பலர் திண்டாடினார்கள்.

லீவுக்கு இல்லாமல் மாற்றலாகியே போகிறீர்கள் என்றால், 12 மாதம்தான் கணக்கு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவுப்படி, ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை இன்னொரு மாநிலத்தில் அதற்கு மேல் வைத்திருந்தால் புது நம்பர் வாங்கவேண்டும். இங்குள்ள ஆர்.டி.ஓ.விடம் 28-ஆம் எண் படிவத்தில் தடையில்லாச் சான்று வாங்கவேண்டும். கடனில் வாங்கிய வண்டியானால் பாங்கின் சம்மதக் கடிதமும் தேவை. ஊரில் 27-ஆம் எண் படிவம் கொடுத்து, வண்டியின் வயதுக்கேற்ற வரி கட்டவேண்டும். புது நம்பர் கிடைத்தபின், இங்கே கட்டிய ஆயுள் வரியில் மீதிக் காலத்துக்கானதைத் திருப்பிக் கேட்கலாம். பலர் இந்தக் கடைசிக் காரியத்தைச் செய்யாமலே விட்டுவிடுகிறார்கள். பணம் அவர்களுடையது, கேட்டால்தான் கிடைக்கும். இங்கே இருக்கும்போதே எல்லா ரசீதையும் பத்திரப்படுத்துங்கள்.

அடிக்கடி மாற்றலாகும் உத்தியோகஸ்தர்களுக்கு 2021 செப்டம்பர் 15 முதல் 'பி.எச்.' நம்பர் என்று ஒன்று வந்திருக்கிறது. பாரத் என்பதன் சுருக்கம். ராணுவத்தார், மத்திய மாநில அரசு ஊழியர்கள், பொதுத்துறை ஊழியர்கள் இதை வாங்கலாம். நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் ஆபீஸ் உள்ள தனியார் கம்பெனிக்காரர்களும் வாங்கலாம். வரியை ஆயுளுக்கும் மொத்தமாகக் கட்டாமல் இரண்டிரண்டு வருடமாகக் கட்டலாம். மாநிலம் மாறினால் புது நம்பர் வேண்டாம். அந்தப் பையனின் கம்பெனிக்குத் தகுதி உண்டு. கார் வாங்கும்போது கடைக்காரர் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. எம்.எச். 14 வாங்கிவிட்டார். சாதாரண நம்பரையும் பி.எச். ஆக மாற்றிக்கொள்ளலாம் என்று 2022 டிசம்பரில் விதியைத் திருத்தியிருக்கிறார்கள் என்று சொன்னேன். முகம் மலர்ந்தது.

டோல் விஷயம் சுருக்கமாக. 2021 பிப்ரவரி முதல் ஃபாஸ்டாக் கட்டாயம். 2025 ஆகஸ்டு 15 முதல் சொந்தக் கார்களுக்கு 3,000 ரூபாயில் வருடப் பாஸ் வந்தது. ஒரு வருடம் அல்லது 200 தடவை, எது முந்துகிறதோ அதுவரை. தேசிய நெடுஞ்சாலையில் மட்டும் செல்லும். மும்பை விரைவுச்சாலைக்கும், பெங்களூரில் தும்கூர் ரோட்டிலிருந்து ஓசூர் ரோட்டுக்குச் சுற்றிப் போகும் நைஸ் ரோட்டுக்கும் தனிப் பணம். நைஸ் ரோடு பணம் போனாலும் பரவாயில்லை, ஊருக்குள் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

ஓட்டுவதில் மூன்று இடம் ஜாக்கிரதை. சாதாராவுக்கு முன்னால் கம்பட்கி காட், ஏற்றத்தில் லாரிகள் மூச்சுவாங்கி நின்றுவிடும். ஹூப்ளி–தார்வாட் புறவழி ரோடு, முன்னும் பின்னும் நான்கு வழி இருக்க, நெடுங்காலம் அது மட்டும் இருவழியாகவே கிடந்தது. 2021 ஜனவரியில் தாவணகெரேப் பெண்கள் சென்ற வண்டி விபத்தில் பத்துக்கு மேற்பட்டோர் இறந்த பிறகே அகலப்படுத்தும் வேலை வேகம் பிடித்தது. மூன்றாவது நம் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிறது. திரும்பி வரும்போது, புதிய காத்ரஜ் சுரங்கம் தாண்டியதும் நவலே பாலம் வரை ஒரே இறக்கம். டீசல் மிச்சம் பிடிக்க லாரிகள் கியரை எடுத்துவிட்டு இறங்குவதும், பிரேக் பிடிக்காமல் போவதும் சகஜம். 2022 நவம்பரில் ஒரே லாரி இருபதுக்கு மேற்பட்ட வண்டிகளை இடித்துத் தள்ளியது. வீடு வந்துவிட்டது என்ற அசதி வரும் இடமும் அதுதான்.

இரவு ஓட்டவேண்டாம். சித்ரதுர்காவிலோ தாவணகெரேயிலோ தங்கிவிடுங்கள். தாவணகெரேயில் வெண்ணெய் தோசை கிடைக்கும். நெல்லை, மதுரைப் பக்கம் போகிறவர்கள் கிருஷ்ணகிரியில் சேலம் ரோட்டில் திரும்பிவிடவேண்டும். மற்றவர்கள் நேரே.

அந்தத் தம்பதியர் அடுத்த வாரமே ஒரு வியாழக்கிழமை விடியற்காலையில் புறப்பட்டார்கள். இரவு தாவணகெரேயில் தங்கி, மறுநாள் மதியம் போன் செய்தார்கள்.

"அங்கிள், சூளகிரி வந்துட்டோம். கோகனோளியிலேயும் அத்திப்பள்ளியிலேயும் யாரும் நிறுத்தவே இல்லை. பார்டர் எங்கே வந்ததுன்னே தெரியலை. போர்டு தமிழ்ல மாறினதும்தான் தெரிஞ்சது."

"ஆம்பூர் தாண்டி இன்னும் ஒரு மணி நேரம் போனா காவேரிப்பாக்கம்" என்றேன். "எங்க அம்மா இருக்காங்க. முடிஞ்சா திரும்பறதுக்கு முன்னாடி ஒரு எட்டு பார்த்துட்டு வாங்கம்மா. அந்த கிரைண்டர் என்ன ஆச்சுன்னு கேட்பாங்க. இன்னும் ஓடுதுன்னு சொல்லுங்க."